இமெயில் என்று பெயர் வைத்த ஃபைல்

செவ்வாய், இரவு.

இன்று ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நஸ்ரீன் மேல் வீண்பழி போட்டுவிட்டேன்.

டயாலிசிஸ் நோயாளிகள் நேரம் பதிவு செய்ய, பைதான் என்ற கணினி மொழியில் நாங்கள் எழுதிய வெப்சைட்டை நாளை மருத்துவமனையில் காட்ட வேண்டும். காலையில் அம்பத்தூர் ஆபீஸில் ஓட்டிப் பார்த்தால் இம்போர்ட் எரர். தனக்குத் தேவையான ஏதோ மாட்யூல், அதாவது துணை நிரல், கிடைக்கவில்லை என்று பைதான் நின்றுவிட்டது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் சார்.

"நேத்து நஸ்ரீன்தான் ஃபைலையெல்லாம் வேற வேற ஃபோல்டருக்கு மாத்தினா சார்."

எல்லார் முன்னாலும் சொன்னேன். அவளை வேலையில் நிரந்தரமாக்குவதா என்று இந்த வாரம்தான் முடிவெடுக்கிறார்கள். சார் அவளைப் பார்த்த பார்வை கண்ணிலேயே நிற்கிறது.

சாயங்காலம்தான் கண்டுபிடித்தேன். நேற்று ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் நான் சேர்த்த ஃபைலுக்கு 'இமெயில்' என்று பெயர் வைத்திருந்தேன். பைதானிலேயே அந்தப் பெயரில் ஒரு மாட்யூல் இருக்கிறது. அதற்குப் பதிலாக என் ஃபைலை எடுத்துக்கொண்டு திணறியிருக்கிறது. பெயரை மாற்றியதும் ஓடியது.

நஸ்ரீனிடம் போய்ச் சொன்னேன்.

"தெரியும்க்கா. மதியமே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நான் சொன்னா, தப்பிக்கப் பாக்குறேன்னு சார் நினைப்பாரு."

அதற்குள் சார் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். போன் செய்தேன்.

"ஓடுதில்ல? அப்புறம் இன்னா, வுடும்மா."

"நஸ்ரீன் தப்பில்ல சார், என் தப்பு" என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார். காதில் விழுந்ததா தெரியவில்லை.

அவளைச் சொன்னது எல்லார் முன்னாலும். நாளை டெமோவுக்குக் கிளம்பும் முன் இதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.