பாதி சுரண்டிய சிவப்புப் பொட்டு

சம்பந்தியம்மா,

இன்று உங்கள் மருமகள், அதுதான் என் மகள், பரண் மேலிருந்த பழைய பாத்திரங்களை இறக்கிக் கழுவி, அதில் ஒரு டம்ளரில் எனக்குக் காபி கொடுத்தாள். தூக்கிப் பார்த்தால் அடியில் அந்தச் சிவப்புப் பொட்டு. நெயில் பாலிஷால் நீங்கள் வைத்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து திவசமும் கொடுத்தாயிற்று. உங்கள் பொட்டு போகவில்லை.

எனக்கு டி.பி. என்று தெரிந்த அன்றைக்கே வைத்த பொட்டு. மறந்துவிடுவேன் என்று நினைத்தீர்களா? நாம் எல்லோரும் ஒன்றாக இருந்த புத்தூர் வீட்டுக் கூடத்தில், வந்த விருந்தாளிகள் எதிரில், "அது அவங்க டம்ளர், எடுக்காதீங்க" என்றீர்கள். தட்டு தனி, கழுவ வெந்நீர் தனி. ஆனால் அதற்கு முன்பு, நான் லொக்கு லொக்கென்று இருமிய நாளெல்லாம், ஜன்னலை இறுக மூடிவிட்டு என் தோளை ஒட்டி உட்கார்ந்து சீரியல் பார்த்தது யார்? மூச்சு முட்டுகிறது, கொஞ்சம் திறங்கள் என்றால், "கொசு வந்து புடுங்கி துன்னும் சம்மந்தியம்மா" என்பீர்கள். கொசுவுக்குப் பயந்த அளவுக்கு என் இருமலுக்கு நீங்கள் பயப்படவில்லை.

நான் மாத்திரை சாப்பிட்டுத் தேறினேன். அப்போதும் டம்ளர் தனியாகவே இருந்தது. பிறகு நீங்கள் இரும ஆரம்பித்தீர்கள். சளி என்றீர்கள். மிளகுக் கஷாயம் குடித்தீர்கள். ரவிக்கை தொளதொளத்துப் போனது. தவழ்ந்துகொண்டிருந்த பேரன் உங்கள் பக்கத்தில்தான் படுப்பான். என்னிடம் வரமாட்டான், அந்த ஆத்திரம் வேறு. ஆனால் நீங்கள் இருமும்போதெல்லாம் என் கண் அவன்மேல்தான் போகும்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"எனக்கு எப்பிடி வரும்? உங்க டம்ளர நான் தொட்டதே இல்லியே!"

"இருமிக்கினேதான் சொல்றீங்க."

"ஊர்ல தெரிஞ்சா அசிங்கம்."

"எனக்கு வந்தப்ப நீங்கதான ஊருக்கெல்லாம் சொன்னது?"

மாப்பிள்ளை கெஞ்சினார், என் மகள் அழுதாள். நீங்கள் அசையவில்லை. அப்போதுதான் அந்த டம்ளரில் காபி ஊற்றி உங்கள் முன்னால் வைத்தேன்.

"ரெண்டுல ஒண்ணு. இத குடிங்க, இல்ல திருப்பதி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறக் கிளம்புங்க."

பாம்பைப் பார்ப்பது போல் பார்த்தீர்கள். எழுந்து புடவை மாற்றப் போனீர்கள். காபியை நான்தான் குடித்தேன்; வீணாக்குவானேன்.

பஸ்ஸில் கண்ணாடியை நீங்கள் மூட, நான் திறக்க, ரேணிகுண்டா வரைக்கும் அதே சண்டை. நாம் அக்கா தங்கச்சியா என்று கண்டக்டர் கேட்டார். "சேச்சே" என்றோம், இரண்டு பேரும் ஒரே குரலில்.

உங்கள் சளியிலும் கிருமி இருந்தது. "டம்ளர தனியாதான வச்சேன்!" என்று நர்ஸிடம் பாய்ந்தீர்கள்.

"டம்ளர்ல வராதும்மா. இருமுற காத்துலதான் வரும். கிட்டிகி, அதாம்மா ஜன்னல், தெறந்து வச்சீங்களா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்தேன். நன்றாகத் திறந்திருந்தது.

பேரனுக்குச் சோதித்துவிட்டு, வராமலிருக்க மருந்து கொடுத்தார்கள். தப்பினான். நீங்களும் மாத்திரை சாப்பிட்டுத் தேறினீர்கள். கடைசியில் உங்களைக் கொண்டுபோனது மாரடைப்புதான். நோயில் கிடந்தபோது உங்கள் டம்ளருக்கு நான் பொட்டு வைக்கவில்லை. ஆசை இருந்தது. நெயில் பாலிஷ் காய்ந்துபோயிருந்தது.

நீங்கள் நோயில் இருந்த அந்த நாட்களில் ஒரு மத்தியானம் கிணற்றடியில் உட்கார்ந்து, கரண்டிக் காம்பால் அந்த டம்ளரின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தீர்கள்.

"என்னா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல, அழுக்கு."

பாதிதான் போனது. அதற்குள் இருமல் வந்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள். மன்னிப்பு என்ற சொல் உங்கள் வாயில் வராது என்று எனக்குத் தெரியும். அழுக்கு என்றாவது வந்ததே.

மீதியையும் சுரண்டிவிடவா என்று இன்று மகள் கேட்டாள். தொடாதே என்றேன். போன பாதி உங்களுடையது. இருக்கிற பாதி என் கோபம். அது என்னோடு இருக்கட்டும்.

ஜன்னலை அகலத் திறந்து வைத்து, அந்த டம்ளரிலேயே காபியைக் குடித்தேன். கொசு வந்து புடுங்கியது. அது ஒன்றில் மட்டும் நீங்கள் சொன்னது சரி.