லைன் இன்ஸ்பெக்டர் வீட்டு ஜெனரேட்டர்

1987 அக்டோபர் 25, ஞாயிறு

தனத்தைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வந்தார்கள். என் மகள் காபித் தட்டோடு கூடத்துக்கு வரவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. பாதிக் காபி பையன் பலராமனின் வேட்டியில். அரிக்கேன் விளக்கைத் தேடிக் கொளுத்தியபோது அவன் எதிரில் நின்றவள் என் மனைவி ரேணுகாம்பாள். அவன் மரியாதையாகக் கும்பிட்டான்.

பையனின் அப்பா இராமலிங்கம் சும்மா இருக்கக்கூடாதா? "நீங்க கரண்ட் ஆபீஸ்லதான இருக்கறீங்க?"

இருக்கிறேன். லைன் இன்ஸ்பெக்டர் ஆதிமூலம் என்றால் திருவண்ணாமலையில் தெரியாதவர் இல்லை. டிரான்ஸ்பார்மரில் அணில் ஏறினால் அதற்கு நானா பொறுப்பு என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

பெண் முகம் சரியாகத் தெரியவில்லையாம். "தீபத்துக்கு வருவோம். அடி அண்ணாமலைல ஒங்க கொட்டாய்லயே பாத்துக்கறோம்" என்று சொல்லிப் போனார்கள். ரேணு வகையறா வருஷா வருஷம் தீபத்துக்கு அங்கே கொட்டகை போட்டுத் தங்கி, மலை சுற்றுகிறவர்களுக்குச் சோறு போடுவார்கள். அந்தக் கொட்டகையில் கரண்டே கிடையாது.

அக்டோபர் 26

"ஜெனரேட்டர் வாங்கணும்" என்கிறாள் ரேணு. "தீபத்துக்குக் கொட்டாய்க்கும் ஆவும், மத்த நாள்ல வூட்டுக்கும் ஆவும்."

லைன் இன்ஸ்பெக்டர் வீட்டில் ஜெனரேட்டரா? டாக்டர் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மந்திரிக்கப் போகிற மாதிரி. முடியாது என்றேன்.

அக்டோபர் 30

ரேணு பேசவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

அக்டோபர் 31

பேசிவிட்டாள். "எம் பொண்ணு இருட்டுல கெடக்கட்டும். ஒங்க மானம் மட்டும் வெளிச்சமா இருக்கட்டும்." நேற்றே தேவலாம்.

தனத்தைத் தனியாகக் கூப்பிட்டு, பையனைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். "காபி கொட்டுனதுக்கு மன்னிச்சிக்குங்கன்னேன்பா. 'பரவால்ல, சூடு கம்மிதான்'னாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தக் காபி கொதித்தது எனக்குத் தெரியும்.

சரி. பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. இனி என் மானம் எந்த மூலைக்கு?

நவம்பர் 8

கீழ்பென்னாத்தூரிலிருந்து மச்சினன் அருணகிரி வந்தான், யோசனையோடு. "மாமா, எங்கிணத்து ஆயில் இஞ்சின எடுத்துக்கினு போங்க. அதுல டைனமோ மாட்டிக்கலாம். யானை மாதிரி இழுக்கும்."

யானை மாதிரிதான் கனக்கும். தூக்க ஆறு பேர் வேண்டும். அது ஓடுகிற இடத்தில் பெண்ணும் பையனும் பேசினால் வாயசைவு மட்டும்தான் தெரியும். வேண்டாம் என்றதற்கு அவனுக்குக் கோபம். சாப்பிடாமல் போவான் என்று பார்த்தேன், சாப்பிட்டுவிட்டே போனான்.

நவம்பர் 15

ரேணுவும் நானும் வேலூர் போய்க் கடையில் இரண்டு பார்த்தோம். ஒன்று முழுக்கப் பெட்ரோலில் ஓடுவது. சின்னது, சத்தம் குறைவு, ஆனால் குடிகாரன். இன்னொன்று பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுவது. கொஞ்சம் கனம், கொஞ்சம் புகை.

"லோடு எவ்ளோ சார்?" என்று கடைக்காரர் கேட்க, நான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். நாலு டியூப் லைட், ஒரு ஃபேன். ரேணு குறுக்கே விழுந்து, "கிரைண்டரும் போடுங்க. கொட்டாய்ல அத்தினி பேருக்கும் இட்லிக்கு யாரு அரைக்கறது?" என்றாள். கிரைண்டர் போட்டால் லைட் எரியாது என்று இருபத்தாறு வருஷ அனுபவத்தோடு விளக்கினேன். அவள் கடைக்காரரிடம் திரும்பி, "இவரு சொல்றது நெஜமா?" என்று கேட்டாள்.

கடைசியில் அவளே முடிவு செய்தாள். மண்ணெண்ணெய் வண்டிதான். காரணம், அது சிவப்பாக இருக்கிறது, கைப்பிடி பிடித்து இரண்டு பேர் தூக்கலாம். "மாவ கையால அரைச்சிக்கறேன். பொண்ணு மூஞ்சி தெரிஞ்சா போதும்."

நவம்பர் 16

போர்வை சுற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தோம். எதிர்வீட்டுச் சந்திரம்மாள், "தையல் மிஷினா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ரேணு பூசை போட்டாள். எலுமிச்சம்பழம், கற்பூரம். எண்ணெய் டேங்கிடம் நெருப்பா என்று கத்தி, கற்பூரத்தைத் தள்ளிக் காட்ட வைத்தேன். டேங்க் மூடிதான் நெற்றி மாதிரி இருக்கிறதென்று, அதில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள். அதை நான் தடுக்கவில்லை.

கயிற்றை இழுத்தேன். தெருவே அதிர்ந்தது. சந்திரம்மாள் ஜன்னலில் நின்று, "தையல் நல்லா ஓடுதுங்களா?" என்று கேட்டாள்.

நவம்பர் 20

ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் மூச்சடைத்து நின்றுவிடுகிறது. எண்ணெய் இருக்கிறதா என்று தனம் மூடியைத் திறந்து பார்த்து மூடுவாள். உடனே கிளம்பிவிடும். மறுபடி நிற்கும், மறுபடி தனம். "எம் பொண்ணுக்குக் கைராசி" என்கிறாள் ரேணு. வெள்ளிக்கிழமை என்பதால் புதுச் சந்தனம் வேறு.

ஒயரிங் முழுக்கப் பார்த்துவிட்டேன். குறை இல்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் 4, தீபம்

படுக்கத் தோன்றவில்லை. எழுதிவிடுகிறேன்.

மலைமேல் தீபம் ஏறும்வரை இங்கே யாரும் விளக்கேற்ற மாட்டார்கள். மேலே சுடர் தெரிந்து, ஜனம் 'அரோகரா' என்றதும் நானும் கயிற்றை இழுத்தேன். கொட்டகை பகலானது. வேலூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தனம் மாம்பழக் கலர் பட்டில் வந்து கும்பிட்டாள். பலராமன் நிமிர்ந்தான்.

நின்றுவிட்டது. இருட்டு.

இராமலிங்கம் கேட்டார்: "இங்கயும் அணிலா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு, என்னாலதான் போச்சு, எம் பொண்ணு வாழ்க்கையில இருட்டைத் தவிர நான் என்னத்தக் குடுத்தேன்?

தனம்தான் எழுந்து போனாள். பட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு மூடியைத் திறந்தாள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் எனக்கே கேட்டது. பலராமன் டார்ச்சோடு பக்கத்தில் போய் நின்றான்.

"எண்ணெ எறங்கணும்னா, மூடியில காத்து போறதுக்கு ஒரு ஓட்டை இருக்கணுமே. காணமே?" என்றான்.

தனம் நகத்தால் சுரண்டினாள். "அம்மா! ஒன் சந்தனம்!" என்று கத்தினாள். புடவை ஊக்கை எடுத்துக் குத்தினாள். அந்த ஓட்டையைக் குத்த ஒரு நொடி போதும். அவர்கள் வெகுநேரம் குத்தினார்கள். டார்ச் வெளிச்சம் மூடியிலேயே இருந்ததாகவும் சொல்ல முடியாது. இராமலிங்கம் இருமிப் பார்த்துவிட்டு, அப்புறம் சிரித்தார்.

பிறகு ஜெனரேட்டர் நிற்கவேயில்லை. அணைக்கச் சொல்லவும் யாருக்கும் மனசு வரவில்லை.

டிசம்பர் 5

சம்மதம் என்று இராமலிங்கம் வாயாலேயே சொல்லிவிட்டார். ரேணு சந்தனத்தைக் கைப்பிடிக்கு மாற்றிவிட்டாள். விடமாட்டாள்.

1988 பிப்ரவரி 5

தனம் கல்யாணம். கரண்ட் போகவில்லை. யாரும் அதற்காக என்னைப் பாராட்டவில்லை.

பிப்ரவரி 7

சீர் வண்டியில் ஜெனரேட்டரையும் ஏற்றிவிட்டாள் ரேணு. "அது அவ சொல்றததான் கேக்குது, அவகூடயே போவட்டும்." பையன் வேண்டாம் வேண்டாம் என்றான். நானும்தான் சொன்னேன், மனசுக்குள்.

மார்ச் 20

சாயங்காலம் கரண்ட் போனது. பழக்கத்தில், "தனம், மூடியத் தெறம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். கூடத்தில் யாரும் இல்லை.

ரேணு அரிக்கேனைக் கொளுத்தி வைத்தாள். திரியை இறக்கிக்கொண்டே, "ஏங்க, வேலூர்லயும் போயிருக்குமா?" என்றாள்.

"எதுக்கு?"

"போனாதான அந்த மூடியத் தெறப்பா. நம்ம நெனப்பு வரும்."

என் சர்வீஸில் முதல் தடவையாக, ஓர் ஊரில் கரண்ட் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.