மருமகனுக்குக் காதுகுத்து, மாமனுக்கு லீவு இல்லை

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. தென் சூடானில் மழை வந்தால் லேசில் போவதில்லை. எங்கள் ஐ.நா. அமைதிப்படை முகாம் முழுக்கச் சேறு. எங்கள் ஊர், கமுதிப் பக்கத்துக் கரிசல் மாதிரியே பூட்ஸைப் பிடித்தால் விடாது.

இன்று ட்யூட்டி இல்லை. இரண்டு செட் யூனிஃபார்ம் துவைத்தேன், காயவில்லை. நேகிக்கு முடி வெட்டினேன். இடது பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது, சொல்லவில்லை. அடுத்த கட்டில்காரர் அவர், உத்தராகண்ட். நல்ல மனுசன், குறட்டை மட்டும்தான் குறை. மத்தியானம் கோழி. ஊரிலிருந்து கொண்டுவந்த குண்டு மிளகாய் வற்றலில் நாலைக் கிள்ளிப் போட்டேன். நேகி அழுதுகொண்டே மறுசோறு வாங்கினார்.

சாயங்காலம் சுபேதார் சாப் கூப்பிட்டார். ஓடுதளத்தில் தண்ணீர், விமானம் இறங்காது. லீவுக்காரர்கள் யாரும் இப்போதைக்குக் கிளம்ப முடியாது.

அடுத்த ஞாயிறு கருப்பசாமி கோயிலில் வேலுவுக்கு மொட்டை, காதுகுத்து. அக்கா மகன். தாய்மாமன் என் மடியில்தான் உட்கார வேண்டும். அய்யாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு அக்காதான் வீடு. என் லீவைக் கேட்டுத்தான் தேதியே வைத்தாள். எப்படிச் சொல்ல.

ஆகஸ்ட் 25, திங்கள்

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் சிக்னல். குடையோடு நின்று பேசினேன். மழைக்கு மேல் சத்தமாக.

"பிளெக்ஸ் அடிச்சாச்சுடா. நீ துப்பாக்கியோட நிக்கிற போட்டோ. முதுகுளத்தூர் ரோட்டுல வச்சிருக்கு, பஸ்ஸுல போறவுக பூராம் பாக்குறாக" என்றாள் அக்கா. லீவு இல்லை என்றேன். "அப்ப தேதியத் தள்ளி வச்சுருவமா?"

பாவம், மாமியார் வீட்டில் எத்தனை பேருக்குப் பதில் சொல்வாள். ஏற்கெனவே எனக்காக இரண்டு தடவை தள்ளி வைத்தாயிற்று. அதனால்தான் சொன்னேன். "தள்ள வேணாங்க்கா. நம்ம சித்தப்பா மகன் பாண்டி இருக்கான்ல, அவன் மடியில உக்கார வையி. எவன் மடியா இருந்தா என்ன?"

"சரி. வச்சுக்கிறேன்." போன் வைத்துவிட்டாள்.

பிரச்சினை முடிந்தது. நிம்மதி.

நாளை: கொசுவலை தைக்க. சோப்பு வாங்க. நேகியிடம் ஊசி கேட்க.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கரிசலைப் பிசைந்து பிள்ளையார் செய்தோம். தும்பிக்கை இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை கம்பி வைத்துக் கட்டினோம். கொண்டைக்கடலைச் சுண்டல். கொழுக்கட்டை என்று நான் செய்ததை யாரும் அந்தப் பெயரால் கூப்பிடவில்லை.

மச்சான் போன் செய்தார். அக்கா வீட்டுக்காரர். அவராகப் போன் செய்கிற ஆள் இல்லை.

"என்ன மாப்ள சொன்ன அவகிட்ட? ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம கெடக்கா."

சொன்னதைச் சொன்னேன். மச்சான் உச்சுக்கொட்டினார். "எவன் மடியா இருந்தா என்னன்னா கேட்ட? உரிமையத் தூக்கி அடுத்தவனுக்குக் குடுத்துட்டான், இனி நான் அவனுக்கு யாருன்னு கேக்குறா. நான் என்ன சொல்ல?"

நம் பக்கம் மடி விஷயம் விளையாட்டில்லை. மாமனைக் கேட்காமல் வேறொருவன் மடியில் வைத்ததற்காக இன்றைக்கும் பேசிக்கொள்ளாத குடும்பங்கள் இருக்கின்றன. இங்கே மாமனே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் பாரத்தைக் குறைப்பதாக நினைத்து உறவையே அல்லவா அறுத்திருக்கிறேன். பட்டாளத்துக்கு வந்து புத்தி மரத்துப்போச்சு.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மழை விட்டது. மங்கோலியாப் படைக்காரர்களோடு வாலிபால், தோற்றோம். என் சர்வீஸ் மூன்று தடவை வலையில். "எங்கே இருக்கிறாய்?" என்று நேகி இந்தியில் கத்தினார். அக்கா வீட்டு வாசலில் இருந்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் நேகியிடம் முழுக் கதையும் சொன்னேன். மடியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். பிள்ளைக்கு முதல் வலி வரும்போது அம்மா பிறந்த வீட்டு ஆள் பிடித்திருக்க வேண்டும் என்றேன். இதுவரை யாரும் எனக்கு இப்படி விளக்கிச் சொன்னதில்லை. என் வாயில் வந்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ். பேசி, அழித்து, பேசி, அழித்து, கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "அக்கா, தப்பாச் சொல்லிட்டேன். உன் கஷ்டத்த நெனச்சுச் சொன்னேன். அவன் என் மருமகன்தான்."

கேட்டுவிட்டாள். பதில் இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காவல் கோபுரத்தில் ட்யூட்டி. அங்கே காது குத்தி முடிக்கிற நேரம் இங்கே அப்போதுதான் விடிகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நீளக் கொம்பு மாடுகள், உடம்பெல்லாம் சாம்பல் பூசிய மேய்க்கிற பையன்கள். ஒருத்தன் கையாட்டினான். நானும் ஆட்டினேன்.

பாண்டி மடியில் உட்கார்ந்திருப்பான் வேலு. அழுதிருப்பான். பாண்டி நல்ல பயல்தான். ஆனாலும் இன்று அவனைப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் சிக்னலே இல்லை. தொட்டிக்குப் பின்னால் இருட்டும்வரை நின்றேன். சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

காலையிலேயே மச்சான்.

"மாப்ள, கெடா வெட்டியாச்சு. சனம் பூராம் சாப்ட்டாச்சு. மொய்யும் எழுதியாச்சு. மொட்டையும் அடிக்கல, காதும் குத்தல."

விளங்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். அதற்குள் அக்கா போனைப் பிடுங்கினாள்.

"பாண்டி சம்மணம் போட்டு உக்காந்துட்டான்டா. மொட்ட போடுறவரு கத்திய எடுத்துட்டாரு, ஆசாரி ஊசியோட நிக்கிறாரு. புள்ளயக் குடு, புள்ளயக் குடுன்னு எல்லாரும் கத்துறாக. எனக்குக் கை வர மாட்டேங்குது. இடுப்ப விட்டு எறக்கவே இல்ல. கருப்பசாமிகிட்ட மட்டும் பொறுத்துக்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எவன் மடியா இருந்தா என்னன்னு கேட்டேல்ல? இதான்டா அந்த 'என்ன'."

"மாமியா என்னக்கா சொன்னாக?" என்று மட்டும் கேட்டேன்.

"நேத்துல இருந்து மொகங் குடுத்துப் பேசல. அது கெடக்கு. நீ சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். பின்னால் வேலு அழுகிற சத்தம். என்ன என்று கேட்டேன்.

"முடி கண்ணுல விழுகுதுன்னு சடை பின்னுறேன், அதுக்குத்தான் இந்தக் கத்து. நீ வர்ற வரைக்கும் இப்பிடித்தான் அங்கன்வாடிக்குப் போகணும். சிரிக்கிறவுக சிரிக்கட்டும்."

அப்புறம் போட்டோ அனுப்பினாள். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், டவுசர், மூக்கு ஒழுகுகிறது. நேகி எட்டிப் பார்த்து, யார் இந்தப் பெண் குழந்தை என்றார்.

என் மருமகன் என்றேன்.