யானை பீர் குடித்த கடை

மார்ச் 4, செவ்வாய்

இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பப் போவதில்லை என்று ஷெஃபீல்டு மழையின்மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். ஊரின் பழைய பப்புகளைச் சுற்றிக்காட்டும் சரித்திரச் சக்கரவர்த்தி நான், வில்ஃப் கார்சைட். என் சரித்திரம் படித்தது கால், பீரில் பிறந்தது முக்கால்.

'சாணைக்காரன்' பப்பை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். அதை நடத்தும் நோரீனுக்கு அது கடை மட்டுமல்ல; மாடிதான் அவள் வீடு. வியாழக்கிழமை நகராட்சியிலிருந்து ஓர் அம்மாள் வருகிறாள். பழமை ஏதாவது தென்பட்டால் இடிக்க விடமாட்டார்கள்.

"பெருசு, அன்னிக்கு நீ வாயத் தொறக்காத. அதுவே பெரிய உதவி," என்றாள் நோரீன். சத்தியம் செய்தேன்.

மார்ச் 5

வாய் திறக்காமல் நிற்பது எப்படி? கண்ணாடி முன் ஒத்திகை. கண்ணாடியிடமே பேசிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

திறந்துவிட்டேன்.

அந்த அம்மாள் பெயர் பிக்கர்ஸ்கில். சுவரைத் தட்டிப் பார்த்து, "எல்லாம் பிற்காலத்துல அடிச்ச பலகைங்க," என்றாள். நோரீன் முகம் செத்துப்போயிற்று. என்னால் தாங்க முடியுமா? புகைபோக்கியில் ஒளிந்த ராஜாவின் கதையை இறக்கினேன். இங்கே பீர் குடித்துவிட்டு மாதா கோயிலில் போய்ப் பாடிய சர்க்கஸ் யானையின் கதையையும்.

"யானை எந்த வழியா வந்துச்சு?" என்றாள் பிக்கர்ஸ்கில்.

"பின்வாசல்."

"பின்வாசலே இல்லையே."

"அது போனப்புறம்தான் அடைச்சாங்க."

"அவரு உளறுவாருங்க, கண்டுக்காதீங்க," என்றாள் நோரீன்.

யானை முட்டிய விதத்தை நடித்துக் காட்டப்போய், சுவர்ப் பலகைக்குள் முழங்கையை விட்டேன். பிடுங்கினால் பலகையும் கூடவே வந்தது. உள்ளே — ஒரு சின்ன ஜன்னல். அதன் விளிம்பில் குவளைகள் பதித்த வட்ட வட்டத் தழும்பு. வீட்டு முன்னறையில் பீர் விற்ற காலத்து ஜன்னல்.

பிக்கர்ஸ்கில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். "யாரும் எதையும் தொடாதீங்க. முக்கியமா நீங்க, சார்."

மார்ச் 9

முழங்கை பூசணிக்காய். வலது கையால் குவளை தூக்க முடியவில்லை. நல்லவேளை, இறைவன் இடது கை என்று ஒன்றையும் படைத்தான்.

ஏப்ரல் 17

இடிக்கக் கூடாதென்று உத்தரவு வந்துவிட்டது. இன்று சுற்றிப் பார்க்க வந்தவர்களிடம் ஜன்னலைக் காட்டி, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ராஜாவை நம்பினார்கள்.

ராஜா பொய். யானை பொய். பூசணிக்காயும் எலுமிச்சை அளவுதான். ஆனால் அந்த வியாழக்கிழமை, பிக்கர்ஸ்கில் போனபிறகு, நோரீன் என்னைத் திட்டவில்லை. என் முழங்கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே, "எங்க போவேன்னு தெரியாம இருந்தேன், பெருசு," என்றாள்.

அது மட்டும் நிஜம்.