இரண்டாவது கார்டு

மாப்ளே,

புதுக் கேமரா வந்திருக்கிறது. இன்று காலை ஸ்டுடியோவில் பெட்டியைப் பிரித்ததும் அந்தப் புது ரப்பர் வாசனை அடித்தது. நீ இருந்திருந்தால் முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் பெல்ட்டையே மாட்டியிருப்பாய். நடுத்தர மாடல்தான். பக்கவாட்டு மூடியைத் திறந்தால் படம் பதியும் மெமரி கார்டு போட இரண்டு இடம். கடைசியில் கம்பெனிக்காரன்கள் நம்மைப் போன்றவர்களுக்கும் கொடுத்துவிட்டான்கள். இதைச் சொல்ல நீதான் இல்லை.

நாம் சேர்ந்து கல்யாண வேலை பிடிக்கத் தொடங்கிய புதிதில், திண்டுக்கல் கடையில் டாப் மாடலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றேன். "புரொபஷனல்னா இதுதான் சார்" என்றார் கடைக்காரர். வீட்டு நகையை அடகு வைத்தாவது வாங்கிவிடும் வேகத்தில் இருந்தேன். நீ அதையும் அதற்குக் கீழே உள்ள நடுத்தர மாடலையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, என்னை டீக்கடைக்கு இழுத்துப் போனாய்.

"என்ன குடுத்திருக்கான்னு பாக்காத. எதைக் குடுக்காம வச்சிருக்கான்னு பாரு. ரெண்டுலயும் படம் ஒண்ணுபோலத்தான் விழுது. பெருசுல ரெண்டு கார்டு, ஒவ்வொரு படமும் ரெண்டுலயும் விழும். சின்னதுல ஒரே கார்டு. அது போச்சுன்னா எல்லாம் போச்சு. அந்தப் பயத்துக்குத்தான்டா அம்புட்டு விலை."

"பயம் நெசந்தானே? தாலிய ரெண்டு தடவையா கட்டுவாங்க?"

"நாம ரெண்டு பேரு இருக்கோம்ல?"

அந்த ஒன்றின் விலைக்கு நடுத்தர மாடல் இரண்டு வாங்கினோம். தாலி கட்டும்போது ஆளுக்கொரு பக்கம் நின்று எடுப்பது என்று வழக்கம் வைத்தாய். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் சிரித்தார்கள்.

செம்பட்டிப் பக்கம் மாதா கோயிலில் அந்தக் கல்யாணம். சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுக்க, பையன் கட்டி முடித்தான். என் கேமராவில் 'கார்டு எரர்' என்று வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? இத்தோடு நம் பெயர் போயிற்று என்றே நினைத்தேன். பீடத்தின் அந்தப் பக்கமிருந்து நீ என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, உன் கேமராவை லேசாகத் தட்டிக் காட்டினாய். வெளியே வந்ததும், "செத்த நேரம் உக்காரு. எங்கிட்ட இருக்கு" என்றாய். சுற்றிலும் ஆட்கள் இல்லாதிருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன்.

உன் படத்தில் முடிச்சு மட்டுமா இருந்தது? பின்னால் பெண்ணின் அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக நின்றார். நான் நின்ற இடத்திலிருந்து அவர் தெரியவே இல்லை. அந்த வீட்டுக் கூடத்தில் பெரிதாக்கி மாட்டியது அதைத்தான். இன்று இந்தத் தொழிலில் நான் சாப்பிடுகிறேன் என்றால், அது நீ போட்ட சோறு.

நீ போனபின் உன் கேமராவை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நிற்பது என் மனைவி செல்வி. நீ வாய் நிறையத் 'தங்கச்சி' என்று கூப்பிடுவாயே, அவள்தான். புதுக் கேமராவைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இதுலதான் ரெண்டு கார்டு இருக்கே. நாளைக்கு நிலக்கோட்டைக் கல்யாணத்துக்கு நானும் வரணுமா?"

"ரெண்டு கார்டுலயும் ஒரே படந்தான் விழும் செல்வி. நீ பொண்ணோட அம்மா தெரியிற பக்கமா நில்லு."

அவள் போய் உன் கேமராவின் பேட்டரியை சார்ஜில் போட்டாள்.