முன்னால் ஓடுகிறவளின் கை

அடிஸ் அபாபா
டிர் மாதம் 19

லாகெச்,

இல்லை, பயிற்சிக்கு மைதானம் வேண்டாம். அனுமதிச் சீட்டுக்கு அலைவதிலேயே உங்கள் நான்கு நாளும் போய்விடும். பெரிய சதுக்கத்துப் படிகளுக்கு வாருங்கள். ஒவ்வொரு படியும் ஒரு தெரு நீளம். ஒன்றில் இடமிருந்து வலம், அடுத்ததில் வலமிருந்து இடம் என்று ஓடலாம். விடியும்போது பாதி நகரம் அங்கேதான் இருக்கும். தொப்பை வைத்த கனவான்கள், பிள்ளை பெற்ற உடம்பைக் கரைக்க வந்தவர்கள். உன் பள்ளிப் பெண்களை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் மினிபஸ்ஸில் ஏற்றாதே. மூன்று மணி நேரம் மடங்கிக் கிடந்த கால்கள். நடத்து. சனிக்கிழமை, ஓட்டத்துக்கு முந்தின நாள், சந்தைக்கு வேண்டாம். கடை கடையாக நின்றே கால் செத்துவிடும். வெள்ளிக்கிழமை என்டோட்டோ மலைக்காட்டில் மெதுவாக ஒரு மணி நேரம் போதும். நோன்பு தொடங்கியிருக்கும், பாலும் முட்டையும் கிடையாது. உடைத்த கோதுமைக் கஞ்சி கொடு.

என் வீட்டில் தங்க வைக்க முடியாது. சுவர் வேலை நடக்கிறது. சுண்ணாம்பு நெடி. பெண்களுக்கு இருமல் வரும்.

சுகம்.
ஜெனெபு


தெப்ரே பெர்ஹான்
டிர் 27

என் ஜெனெபுவுக்கு ஆயிரம் முத்தங்கள்.

கடிதம் போடச் சொன்னால் பயிற்சி அட்டவணை போட்டிருக்கிறாய். இருந்தாலும் பள்ளிச் சுவரில் ஒட்டிவிட்டேன். பன்னிரண்டு பேரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். சுவர் வேலை! பதினோரு வருடமாக, நான் வருகிறேன் என்று சொல்லும் போதெல்லாம் உன் வீட்டில் ஏதோ ஒரு சுவர் விழுகிறது. போகட்டும். தேவாலய விடுதியில் இடம் கேட்டிருக்கிறேன்.

என் கால் எப்படி என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மழை வருவதை வானொலிக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. நடக்கிறேன். நடக்காவிட்டால் இறுகிவிடும் என்கிறார் மருத்துவர். நகரத்திலும் பெண்கள் ஓடட்டும், நான் பின்னாலேயே நடந்து வருவேன்.

இனி பெரிய செய்தி. மகளிர் தின ஓட்டத்துக்கு ஊருக்கு ஒரு துணிப் பதாகை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள், ஏதாவது ஒரு வீராங்கனையைப் பற்றி. எங்கள் பெண்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? உன்னை. பதக்கத்துக்காக இல்லை. என்டோட்டோவில் நான் குழியில் விழுந்த அன்று நீ என்னை முதுகில் சுமந்து ரோடு வரைக்கும் இறங்கினாயே, அதற்காக. ஹிருத் வரைந்திருக்கிறாள். உன் கால்கள் ஒட்டகத்தின் கால்கள் மாதிரி இருக்கின்றன.

"டீச்சர், எவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தாங்க?" என்றாள்.

"ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்டி."

"நீங்க அப்ப ஒல்லியா இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"ஓ. அப்ப பரவால்ல."

சிரித்து மாளவில்லை. ஓட்டத்தை நடத்தும் குழுவுக்கும் எழுதிப் போட்டேன். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். மேடையில் உனக்கு மாலை போடப் போகிறார்கள். கோபித்துக்கொள்ளாதே.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
லாகெச்


அடிஸ் அபாபா
யெகாடிட் மாதம் 3

லாகெச்,

நிறுத்தச் சொல். பதாகை, மாலை, எல்லாவற்றையும்.

குழுவிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். சின்னவள். கையில் நோட்டு. காபி காய்ச்சினேன். முதல் கோப்பையிலேயே ஆரம்பித்தாள்.

"அக்கா, மேடையில ரெண்டே நிமிஷம். அவங்கள ஒரு தடவ முதுகுல தூக்கிக் காட்டுங்க. போட்டோ எடுத்துக்கறோம்."

"எனக்கு முடியாதும்மா."

"ஐயோ, ஓடின உடம்பு! நாலு அடி வெச்சா போதும்க்கா. கீழ பத்தாயிரம் பொம்பளைங்க அழுதுருவாங்க பாருங்க."

ஆசீர்வாதத்துக்கான மூன்றாவது கோப்பைக்கு அவள் இருக்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

வேறு எத்தனையோ பேர் இருக்கிறார்கள், லாகெச். நம்மோடு ஓடியவர்களில் பிள்ளை பெற்ற ஆறாம் மாதம் மறுபடி ஓடியவர்கள் இருக்கிறார்கள். கல்யாணத்தை விட்டுவிட்டு ஓட வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியை வரையச் சொல். நான் ஓட்டத்தை விட்டு மூன்று வருடமாகிறது. என்னை விட்டுவிடுங்கள்.

ஜெனெபு


தெப்ரே பெர்ஹான்
யெகாடிட் 9

ஜெனெபு, என் கண்ணே,

விட மாட்டோம். பதாகை காய்ந்துவிட்டது. மேடையில் தூக்கும் விஷயத்தில் மட்டும் உன் பக்கம் நிற்கிறேன். நான் இப்போது எழுபத்தொரு கிலோ. பத்தாயிரம் பெண்கள் அழுவது உண்மைதான், உன் முதுகை நினைத்து.

வெட்கப்படுகிறாய் என்று தெரியும். எப்போதும் அப்படித்தான் நீ. ஆனால் எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை சொன்னதில்லை.

எங்கள் பெண்களுக்கும் காட்டில் வரிசையாக ஓடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், கோச் நமக்குக் கற்றுத் தந்தபடியே. ஒருத்தி பின் ஒருத்தி. பின்னால் வருகிறவள் தரையைப் பார்க்கக் கூடாது, முன்னால் உள்ள காலைத்தான் பார்க்க வேண்டும். கல்லோ வேரோ குழியோ வந்தால் முன்னால் ஓடுகிறவள் கையைப் பின்னால் நீட்டிச் சொடுக்கிக் காட்டுவாள். அது வரிசை முழுக்கக் கை மாறிக் கடைசி வரை வரும். தனியாக ஓடுகிறவளை நாம் என்ன சொல்வோம்? எல்லோருக்கும் உரிய பலத்தைத் தனியாக எடுத்துக்கொள்கிற திருடி என்போம் இல்லையா? இங்கேயும் அதே வசைதான்.

முதல் நாள் அவர்களிடம் என் காலைக் காட்டினேன். "இது டீச்சரோட தப்பு. எம் முன்னாடி ஜெனெபு ஓடினா. அவ சொடுக்கிக் காட்டினா. நான் எங்கயோ பாத்துட்டு இருந்தேன்" என்றேன். இதில் பொய் இல்லை. உன் கையைப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. ஆனால் நீ காட்டாமல் இருந்திருக்க மாட்டாய். அப்படியானால் நான்தான் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை தடவை யோசித்திருப்பேன்! அன்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? ஒரு பறவையையா? மறுவாரம் நடக்கவிருந்த அணித் தேர்வையா? அணியில் ஒரே இடம், அதற்கு நாம் இரண்டு பேர். கனவில் ஓடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எனக்கு வேண்டியதுதான். கவனம் இல்லாதவளைச் சுமந்தும் வந்தாய் நீ. அதனால்தான் பதாகை. புரிகிறதா?

லாகெச்


அடிஸ் அபாபா
யெகாடிட் 14

லாகெச்,

நான் சொடுக்கவில்லை.

குழியைப் பார்த்தேன். மரத்தைத் தோண்டி எடுத்த குழி, மேலே இலைகள். பத்தடிக்கு முன்பே தெரிந்தது. தாண்டினேன். கை பின்னால் போகவில்லை.

கோச்சிடம் மறந்துவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை. "சொடுக்கினேன் சார். அவ பாக்கல போலருக்கு" என்றேன். அவர் நம்பினார். நீ கட்டிலில் படுத்துக்கொண்டு தலையாட்டினாய்.

நீ என்னைவிட வேகமானவள். அந்த வாரம் எல்லோருக்கும் தெரியும் அது. உன் மூச்சு எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. சிரமமே இல்லாத மூச்சு. அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ விழ வேண்டும் என்று நினைத்தேனா? அந்தக் கேள்வியை எத்தனை விதமாகக் கேட்டாலும், கை என் இடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

தூக்கியது நிஜம். வழியெல்லாம் நீ என் காதில் "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ, ஒம் பயிற்சி கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தாய்.

சுவர் வேலை எதுவும் இல்லை.

நீ எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, லாகெச். பறவையையும் பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாய். சரியாகத்தான் ஓடினாய்.

ஜெனெபு


தெப்ரே பெர்ஹான்
யெகாடிட் 20

கடிதம் கிடைத்தது.

வியாழன் மதியம் வருகிறோம். விடுதியில் தங்குகிறோம். பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம்.

வெள்ளி காலை பெண்கள் காட்டில் ஓடுவார்கள். தேவாலயத்துக்குக் கீழே உள்ள தண்ணீர்த் தொட்டியிலிருந்து. ஹிருத் முன்னால் போவாள். நீ வந்தால் கடைசியில் ஓடு.

பதாகையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பெண்களிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்ல மாட்டேன்.

லாகெச்


அடிஸ் அபாபா
யெகாடிட் 28, சனிக்கிழமை

லாகெச்,

நேற்று நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன். இருபது அடி தள்ளி இருந்தாய், எதெல்லாம் கேட்டது என்று தெரியாது.

மூன்று வருடம் ஓடாத உடம்பு. முதல் ஏற்றத்திலேயே நெஞ்சு எரிந்தது. எனக்கு முன்னால் ஓடியது உங்களில் ஆகச் சின்னவள், பச்சைக் காலுறைக்காரி. அவள் காலையே பார்த்தேன். தரையைப் பார்க்கவில்லை. சொடுக்குச் சத்தம் முன்னாலிருந்து வரும், பன்னிரண்டு கை தாண்டி. ஒவ்வொரு தடவையும் அவள் கையைப் பின்னால் நீட்டிக் காட்டினாள். ஒரு கல்லைக்கூட விடவில்லை. என்னை யார் என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது, பதாகையில் உள்ள கால்களைத் தவிர.

எனக்குப் பின்னால் யாரும் இல்லை. நானும் சொடுக்கினேன். நீ எங்கோ கீழே நடந்து வருகிறாய் என்று தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் குழி இருந்த இடம் அடையாளம் தெரியவில்லை. மரங்களை வெட்டியிருக்கிறார்கள், மறுபடி வளர்ந்திருக்கின்றன, மறுபடி வெட்டியிருக்கிறார்கள்.

தொட்டியருகே வந்ததும் சொன்னேன். எல்லாரும் நின்றபடி கேட்டார்கள். ஹிருத் மட்டும் காலை நீவிக்கொண்டே இருந்தாள்.

"ஏன் சொடுக்கல?" என்றாள் அவள்.

"நான் ஜெயிக்கணும்னு."

"ஜெயிச்சீங்களா?"

"அணியில எடம் கெடச்சுது. போட்டியில ரெண்டாவதா வந்தேன்."

ஒருத்தி சிரித்துவிட்டாள். இன்னொருத்தி அவளைக் கிள்ளினாள்.

"அப்புறம் எதுக்குத் தூக்கினீங்க?" என்றாள் ஹிருத்.

பதினோரு வருடத்தில் இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டதில்லை. மற்றதைத்தான் கேட்டிருக்கிறேன். "தெரியலம்மா" என்றேன். "அவ கத்தினா. தூக்கினேன்."

"டீச்சர் பாவம். தன்மேல தப்புன்னு எங்ககிட்ட சொன்னாங்க," என்றாள் காலுறைக்காரி. அவள் என்னைப் பார்க்கவில்லை, தள்ளி நின்ற உன்னைப் பார்த்தாள். பிறகு, "நாலு நாளா வரைஞ்சோம் அத," என்றாள்.

அப்போதுதான் நீ பக்கத்தில் வந்தாய். நொண்டியபடி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "ஏய், என்ன வேடிக்க? உடம்பு ஆறிடும். தண்ணி குடிங்க, எல்லாரும் ஸ்வெட்டர் போடுங்க" என்றாய்.

அந்த எல்லாரில் நானும் உண்டா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன்.

இதை விடுதிக் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். பதில் எழுத வேண்டும் என்றில்லை. நாளை மேடைக்கு வர மாட்டேன். பதாகையில் என் முகத்தை மட்டும் வெள்ளை பூசி மறைக்கலாம் என்று ஹிருத் சொன்னாளாம், நான் கிளம்பும்போது காலுறைக்காரி ஓடி வந்து சொன்னாள். சுமந்துகொண்டு போகிறவள் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று. உன் முடிவு.

காட்டிலிருந்து நேரே ஓட்டக் குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். நோட்டு வைத்திருந்த பெண்தான் இருந்தாள். மேடைப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடச் சொன்னேன். காரணம் கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதினாள். பிறகு மினிபஸ்ஸில் ஏறாமல் வீட்டுக்கு நடந்து வந்தேன்.

ஜெனெபு