கழற்றாத காற்றுமணி

என்னங்க,

இன்று அக்டோபர் ஒன்று. தெருவே கோடைத் துணியை மடித்து வைத்தாயிற்று. கோடைக்கு மட்டும் மாட்டுகிற காற்றுமணி நம் வீட்டில் இன்னும் ஒலிப்பதைக் கேட்டு, பக்கத்து வீட்டு ஹிராய் அம்மா, "உங்களுக்கு மட்டும் இன்னும் கோடை போகலையா?" என்று சிரிக்கிறாள்.

ஜூனில் உங்களோடு சண்டை போட்டு நம் மகள் சியோரி வீட்டை விட்டுப் போனபோது, "கோடை முடியறதுக்குள்ள அழுதுகிட்டு வந்து நிப்பா, பாரு" என்றீர்கள். அந்தச் சொல் பொய்க்கக் கூடாதென்று கோடையையே பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவளோ மெல்லிய சட்டைகளோடு போனவள். அவள் இருக்கிற வடக்கு ஊர் மொரியோகாவில் இப்போதே காலையில் கை விறைக்கிறதாம். "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்றாள் போனில். இதோ, சொல்லிவிட்டேன்.

அவளுடைய கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டு நாலரை ரயிலில் போகிறேன். நாளை மாலை வருவேன். குக்கரில் சோறு இருக்கிறது. சான்மா மீன் சுட்டிருக்கிறேன். இலையுதிர்கால மீன்தான், முகம் சுளிக்காமல் சாப்பிடுங்கள்.

மின்விசிறியைத் துடைத்துப் பரணில் போட்டாயிற்று. மூங்கில் திரையையும் சுருட்டிவிட்டேன்.

நோபுயோ

பி.கு.: மணியைத் தொடவில்லை. மாட்டியவர் நீங்கள், நீங்களே கழற்றுங்கள். நாளை வாசலில் அதன் சத்தம் கேட்டால், அப்படியே திரும்பிப் போய் ரயிலேறிவிடுவேன்.